முகூர்த்த நாளில் பிடித்த கார்

புதிதாகக் காக்கி மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சியில் உங்களைச் சட்டப் பிரிவுகளை வரிசையாக ஒப்பிக்க வைத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு அதில் பாதி மறந்தும் போய்விட்டது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சாலையில் நின்றவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். கையை நீட்டி ஒரு வண்டியை நிறுத்த அரை நிமிஷம் போதும். நிறுத்திய வண்டியை எப்படி அனுப்பி வைப்பது என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வான். நான் மாட்டிக்கொண்டேன், அதுவும் வசமாக. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன். எது என்று கேட்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஸ்டேஷன் ஏட்டையா. நல்ல மனுஷர். தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தராமல் ஒருநாளும் டப்பாவை மூட மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. தப்பு செய்த டிரைவரின் லைசென்ஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும், சாயங்காலம் அந்த டின்னில் போட வேண்டும், அவனே தேடிக்கொண்டு வருவான். இதுதான் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதே இடத்தில் ஒப்புகைச் சீட்டு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்வரை, அல்லது அதில் போட்ட தேதிவரை, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் வண்டி ஓட்டலாம். அச்சடித்த சீட்டுப் புத்தகம் எங்கள் ஸ்டேஷனிலும் இருந்தது. ஒரு பக்கம்கூடக் கிழியாமல் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

"சீட்டு குடுத்து அவனுங்கள பயக்கிடாதப்பா. அப்பால எவனுக்கும் நம்ம மேல பயம் இருக்காது" என்பார் ஏட்டையா. நானும் தலையை ஆட்டினேன். புது ஆள் வேறு என்ன செய்வான்?

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சாலவாக்கம் பக்கமிருந்து உத்திரமேரூர் வரும் சாலையில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு உண்டு. அறுவடை முடிந்த சமயம். களத்தில் இடம் கிடைக்காதவர்கள் சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அங்கே எந்த வண்டியும் ஊர்ந்துதான் போக வேண்டும். ஊர்ந்து வரும் வண்டியை நிறுத்துவது சுலபம் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதற்கு மேல் என் மூளை அன்றைக்கு வேலை செய்யவில்லை.

ஒன்பதேகால் மணி இருக்கும். தொப்பியைக் கழற்றிச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுப் பக்கத்துப் பம்புசெட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் அம்பாசடர் வந்தது. கார் வந்தது என்பதைவிட ஒரு கல்யாண வீடே வந்தது என்று சொல்லலாம். ஒரு ஜன்னலில் பட்டுப்புடவை முந்தானை, இன்னொரு ஜன்னலில் ஒருவர் தலையும் ரோஜா மாலையும். காரின் பின்பக்கம் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தே விட்டது. முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிப்போய் நடுரோட்டில் நின்று கையை நீட்டினேன்.

கார் ஒழுங்காக நின்றது. நெல்லின் மேல் ஏறாமல், ஓரமாக ஒதுங்கி நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள், சலவை மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. பெயர் கன்னியப்பன் என்று பிறகு லைசென்ஸில் பார்த்தேன்.

"லைசென்ஸ் எடு" என்றேன். அவருக்கு என் அப்பா வயது. நான் 'எடு' என்றேன்.

"எடுக்கறேன் சார். உங்க தொப்பி சைக்கிள்ல மாட்டிக்கினு கீது. அத்தப் போட்டுக்கினீங்கன்னா நல்லா இருக்கும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும் என்பது டிரைவரின் கடமை. கேட்பவர் சீருடையில் இருக்க வேண்டும் என்பது நம் கடமை. இது எனக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தேன். லைசென்ஸை இரண்டு கையாலும் கொடுத்தார்.

காரிலிருந்து ஒவ்வொருவராக இறங்கச் சொன்னேன். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணப் பெண், அவள் அம்மா, அப்பா, நிறைமாதமாக இருந்த அக்கா, தங்கை, மாலையும் கையுமாகத் தாய்மாமன், இன்னும் உறவுக்காரர்கள் நாலு பேர். டிரைவரை விட்டுவிட்டு ஐந்து பேர் ஏற வேண்டிய வண்டியில் பத்துப் பேர்.

"தப்புதான் சார்" என்றார் கன்னியப்பன். "காலைல டவுன் பஸ்ஸு வரல. உத்திரமேரூர் கோயில்ல பத்தரைக்குள்ள முகூர்த்தம். அல்லாரும் ஏறிக்கினாங்க, என்னால எறக்க முடியல. கேசு எய்துங்க. கோர்ட்டுக்கு வந்து ஒத்துக்கறேன்."

இதற்குமேல் ஒரு டிரைவரிடம் நாம் என்ன எதிர்பார்க்க முடியும்? கை காட்டியதும் நின்றார். காகிதத்தைக் காட்டினார். பொய் சொல்லவில்லை. தாய்மாமன் மடியை அவிழ்த்து எதையோ எடுக்கப் போனபோது, "அத்த உள்ள வெய்யி மாமா, அது இதவுடப் பெரிய கேசு" என்று அவரையும் அடக்கினார். பெயர், ஊர், வண்டி நம்பர் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, அதிகப்படி ஆட்களை இறக்கிவிட்டு, 'கோர்ட்டில் பார்க்கலாம், போய் வாருங்கள்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் என்ன செய்தேன்? லைசென்ஸை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன், அப்படியே ஏட்டையா மாதிரி.

"சாயங்காலம் ஸ்டேஷன்ல வந்து பாரு. அஞ்சு பேரை இறக்கிட்டுக் கெளம்பு."

"சீட்டு குடுங்க சார்."

"என்ன சீட்டு?"

"லைசென்ஸ் வாங்கி வெச்சிக்கினதுக்குச் சீட்டு."

"அதெல்லாம் ஸ்டேஷன்ல இருக்கு. நான்தான் போகச் சொல்றேனே, போ."

"லைசென்ஸும் இல்லாம, சீட்டும் இல்லாம எப்பிடி சார் ஓட்டறது? அது தப்பாச்சே" என்றார். சாவியை எடுத்து பானட்மேல் வைத்தார். தோளில் இருந்த துண்டை உதறி வேப்பமர நிழலில் விரித்தார். உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிடித்த வண்டி ஓடிப்போனால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போகச் சொன்ன வண்டி போகமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏம்பா, போலீசே போவச் சொல்லுது, நீ இன்னா குந்திக்கினு கீற?" என்று தாய்மாமன் ஏகாம்பரம் கத்தினார்.

"வாயால சொன்னா ஆவாது மாமா. அடுத்தாப்புல ஒரு போலீசு நின்னுக்கினு இருந்தா, அவரு என்னைத்தான் கேப்பாரு" என்றார் கன்னியப்பன். பிறகு என் பக்கம் திரும்பினார். "போன வருசம் வேற ஊர்ல ஒருத்தரு இப்பிடித்தான் சார் வாங்கி வெச்சிக்கினாரு. மூணு மைலு தாண்டி இன்னொருத்தரு மடக்கிட்டாரு. கோர்ட்டுல லைசென்ஸ் எங்கன்னு கேட்டாங்க. வாங்கிக்கினவரு பேரு தெரியாது, நம்பர் தெரியாது. இன்னான்னு சொல்றது? ரெண்டு தப்பும் என் தலைல வியுந்துச்சு."

ஊர் எல்லையில் அன்றைக்கு ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். கன்னியப்பன் குத்துமதிப்பாகச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். இருபத்து மூன்று வயது, புதுத் தொப்பி, சுற்றிப் பத்துப் பேர். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பைக்குள் போன கை வெறுங்கையாகவே வெளியே வந்தது. வீம்பு என்றால் அதுதான் வீம்பு.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. பெண்ணின் அப்பா என் அருகில் வந்து கும்பிட்டார். அப்போதுதான் விஷயத்தின் முழு எடையும் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை லீவு கிடைக்காமல் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் தாலி ஏறாவிட்டால் அடுத்த லீவு வருகிற வருஷம்தான்.

"இன்னொரு தபா தள்ளிப்போச்சுன்னா பொண்ணு ராசியைப் பேசுவாங்க சார்" என்றார் அந்த மனிதர். கோயில் அங்கிருந்து நாலு மைல்.

"நைனா, நீ சும்மா இரு" என்று ஒரு குரல் வந்தது. கல்யாணப் பெண். பெயர் பச்சையம்மாள். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். தலை குனிந்து நிற்கிற மணப்பெண் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புத்தான் வரும்.

"சார், அந்தச் சீட்டு அச்சுலதான் இருக்கணுமா? கையால எய்தினா ஆவாதா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கன்னியப்பனைப் பார்த்தேன். சட்டம் தெரிந்த போலீஸ், சட்டம் கேட்க டிரைவரைப் பார்க்கிறான்!

"கையால எய்தினாலும் சரிம்மா. வெவரமும் கையெயுத்தும் இருந்தா போதும்" என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

என் பாக்கெட் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டிருக்கும். ஒரு தாளைக் கிழித்தாலும் விளக்கம் எழுத வேண்டும். வேறு காகிதம் இல்லை என்றேன். பச்சையம்மாள் தன் தங்கை கையிலிருந்த தாம்பாளத்தில் துழாவி ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தேங்காய் பழத்தை இறக்கிவிட்டுத் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் பத்திரிகையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எய்துங்க சார். நேரம் போவுது."

என்ன எழுதுவது என்றும் எனக்குத் தெரியாது. பீரோவுக்குள் இருந்த புத்தகத்தை நான் திறந்தே பார்த்ததில்லை. கன்னியப்பன் எழுந்து வந்து சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் பெயர், அப்பா பெயர், லைசென்ஸ் நம்பர், கார் நம்பர், தேதி, மணி, இடம். "ஏரிக்கரை வளைவுன்னு போடுங்க சார், அப்பத்தான் தெரியும்." எதற்காக வாங்கினேன் என்ற காரணம். "பத்துப் பேருன்னு சரியா எய்துங்க. கொறைச்சி எய்தாதீங்க." எந்தத் தேதிவரை செல்லும் என்பது. கடைசியில், "கீய உங்க பேரு, உங்க நம்பர், கையெயுத்து" என்றார்.

பேனா நின்றுவிட்டது.

சீட்டு கொடுத்தால் பயம் போய்விடும் என்று ஏட்டையா சொன்னாரே, யாருடைய பயம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. பெயரும் நம்பரும் இல்லாதவரை நான் வெறும் காக்கிச் சட்டை. நான் எடுத்ததை யாரும் என்னிடம் கேட்க முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் காகிதத்தில் அவரும் இருப்பார், நானும் இருப்பேன். எடுத்தது சரியா தப்பா என்று நாளைக்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னா சார், உன் நம்பரே உனக்கு மறந்துபூடுச்சா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அப்பாகூடச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பெயரை எழுதி, நம்பரை எழுதி, கையெழுத்துப் போட்டேன். கன்னியப்பன் அதை ஒருமுறை முழுவதும் படித்தார். படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

அடுத்த சண்டை, முதல் ட்ரிப்பில் யார் யார் ஏறுவது என்று. அதில் சட்டம் எனக்கு உதவவில்லை. ஐந்து பேர்தான் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். தாய்மாமன் ஏகாம்பரம் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் மாலை போடாம மணவறைக்கு எவ போவா? நான்தான் மொதல்ல."

"அதாலதான் மாமா நீ அப்பால வரணும்" என்றாள் பச்சையம்மாள். "அக்காவால வெயில்ல நிக்க முடியாது. அம்மாவும் நைனாவும் இல்லன்னா அங்க பேஜாராப்பூடும். தங்கச்சிகிட்டதான் தட்டு கீது. உன்ன வுட்டுட்டு எவனும் தாலி கட்ட மாட்டான். மாலையைக் கெட்டியாப் புடிச்சிக்கினு நில்லு. கார் திரும்பி வந்துதான் ஆவணும்."

அவள் போலீஸில் சேர்ந்திருந்தால் எனக்கு மேலதிகாரியாக வந்திருப்பாள். ஏகாம்பரம் முறைத்துக்கொண்டே ஒதுங்கினார். ஐந்து பேரோடு கார் கிளம்பியபோது மணி ஒன்பதே முக்கால்.

நானும் ஏகாம்பரமும் மற்ற நாலு உறவுக்காரர்களும் வேப்பமரத்தடியில் நின்றோம். போக வர இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பத்து ஐந்து ஆயிற்று. கார் வரவில்லை. பத்து பத்து ஆயிற்று. ரோஜா மாலை வாடத் தொடங்கியது.

"அவன் எதுக்குத் திரும்பி வரப்போறான்? உன்னாண்ட லைசென்ஸ் வுட்ட கடுப்புல அங்கியே குந்திப்பான்" என்றார் ஏகாம்பரம். "என் அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நான் ரோட்டுல நின்னுக்கினு கீறேன். எல்லாம் உன்னால."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சைக்கிளை எடுத்தேன். "ஏறுங்க மாமா" என்றேன். ஆமாம், நானும் மாமா என்றே கூப்பிட்டுவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சைக்கிளில் இருவர் போனால் கேசு. டபுள்ஸ் பிடிப்பது என்றால் எனக்குத் தனி உற்சாகம். அதே சாலையில் அதே வாரத்தில் நாலைந்து பேரைப் பிடித்திருந்தேன். இப்போது கேரியரில் தாய்மாமன் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையால் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஆளுயர மாலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எதிர்க்காற்றில் ரோஜா இதழ் என் தொப்பிமேல் விழுகிறது. நான் மூச்சு வாங்க மிதிக்கிறேன். அரை மைல் போவதற்குள் எதிரே அம்பாசடர் வந்து நின்றது.

கன்னியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். என்னைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"சார்... டபுள்ஸு."

நான் இறங்கினேன். காது இரண்டும் சுட்டது. ஏகாம்பரம் காரில் ஏறிக்கொண்டார். ஏன் தாமதம் என்று கேட்டேன்.

"ஊர் எல்லைல ஏட்டையா மடக்கிட்டாரு சார். லைசென்ஸ் கேட்டாரு. சீட்டைக் குடுத்தேன். பின்பக்கம் படிச்சாரு. திருப்பி முன்பக்கம் படிச்சாரு. மறுபடி பின்பக்கம் படிச்சாரு. 'கையெயுத்து நம்ம பையனுதுதான்'னாரு. அப்பால, 'முகூர்த்தம் பத்தரைன்னு போட்டு கீது, இன்னும் இங்க இன்னாடா பண்ற, போ'ன்னு தொரத்திட்டாரு."

காரை வேப்பமரம்வரை கொண்டுபோய் மிச்சம் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். பறந்தார் என்று சொல்லக்கூடாது. அதற்கும் கேசு உண்டு. வேகமாகப் போனார். நான் பின்னாலேயே சைக்கிளில் போனேன். ஏரிக்கரை முடிந்து ஊர் எல்லைக்கு வரும்போது கோயில் பக்கமிருந்து கெட்டிமேளச் சத்தம் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து இருபத்தாறு. சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்த மேளத்தையும் கேட்டதில்லை.

சாயங்காலம் ஏட்டையா எதிரில் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உன் நம்பர போட்டுட்ட" என்றார்.

"போட்டுட்டேன் ஐயா."

"நான் இத்தினி வருசமாப் போட்டதில்ல." பீரோவைத் திறந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசியைத் தட்டி என் முன்னால் போட்டார். "நாளைலருந்து இத்த எடுத்துக்கினு போ. கல்யாணப் பத்திரிகைல எய்திக் குடுத்து ஸ்டேஷன் மானத்த வாங்காத."

இரண்டு வாரம் கழித்துக் கோர்ட்டில் கேசு வந்தது. மாஜிஸ்ட்ரேட் மூக்குக் கண்ணாடியை இறக்கி அந்தப் பத்திரிகையைப் பார்த்தார். முதலில் முன்பக்கத்தைத்தான் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வரலையே" என்றார். கோர்ட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பிறகு பின்பக்கத்தைப் படித்தார். "அச்சடிச்ச சீட்டே பாதி காலியாத்தான் என்கிட்ட வரும். இதுல எல்லாம் இருக்கு. சரி, ஒண்ணு கேக்கறேன். கோர்ட்டுக்கு வராம ஓடிப்போயிடுவார்னு சந்தேகம் இருந்தாத்தான் லைசென்ஸை வாங்கி வைக்கணும். இவர் ஓடிப்போயிடுவார்னு உமக்கு எதனால தோணிச்சு?"

கன்னியப்பன் பணிவாகக் கையைத் தூக்கினார்.

"ஐயா, அவரு போ போன்னாரு. நான்தாங்க போவல."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. லைசென்ஸை வாங்கும் அதிகாரம் என் பதவிக்கு உண்டா என்று என் மேலதிகாரிகளைக் கேட்டு எழுதச் சொன்னார். தம்பி தங்கைகளே, நீங்களும் உங்கள் உத்தரவை எடுத்து உங்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மாஜிஸ்ட்ரேட் கன்னியப்பனிடம் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கன்னியப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தார். சைக்கிளும் மாலையும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"ஒண்ணியும் இல்லீங்க ஐயா. பத்துப் பேர ஏத்தினது நெசம். அதுக்குக் கட்டிடறேன்" என்றார்.

அபராதத்தைக் கட்டினார். லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். "பொண்ணு நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நல்லா கீது சார். மாப்புள்ளய ரயிலேத்தி வுட்டுட்டு வந்துடுச்சு. அயுவவே இல்லியாம், அவருதான் அயுதாராம்."

அந்த நேரத்தில் மனசில் இருந்ததை நான் சொல்லிவிட்டேன். "என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்களை அப்படி நிக்க வெச்சிருக்கக் கூடாது." அன்றைக்குத்தான் அவரை முதல்முறையாக 'நீங்க' என்றேன்.

அவர் லைசென்ஸைப் பிரித்துப் பார்த்து மூடி, பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"இத்தினி வருசத்துல இத்த ஆறேயு பேரு வாங்கி வெச்சிக்கினாங்க சார். வாங்கிக்கினவரு இன்னாருன்னு எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தபாதான்" என்றார். காரின் கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். "வரேன், தணிகாசலம் சார்."

அந்தச் சாலையில் ஐந்து மாதமாக என்னை எல்லோரும் போலீசு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சீட்டில் படித்திருக்கிறார்.